ஒரே காடு, இரண்டு மண், ஒரு மண்வள அட்டை: கொண்டைக்கடலைக்கு முதலில் எதைப் பார்ப்பது?

சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் உங்களுக்கு மூன்று ஏக்கர் காடு, அதாவது விளைநிலம். மேல்பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண், கீழே ஏரியை ஒட்டி ஒரு ஏக்கர் கருத்த மண். மக்காச்சோளம் அறுத்துவிட்டுக் கார்த்திகையில் கொண்டைக்கடலை விதைத்தீர்கள். மேல்காட்டில் பாதிதான் முளைத்தது, முளைத்ததும் பூக்கிற நேரத்தில் காய்ந்தது. கீழ்க்காட்டில் செடி முழங்கால் உயரம் புதராக மண்டியது, காய் இல்லை, திட்டுத் திட்டாக மஞ்சள் வேறு. இரண்டுக்கும் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்), 25-ம் நாள் அரை மூட்டை யூரியா, இருபது நாளுக்கு ஒரு தண்ணீராக மூன்று தண்ணீர் கொடுத்திருக்கிறீர்கள். மண்வள அட்டையில் உள்ள எண்களை எழுதி, "இந்த வருடம் எந்த உரத்தைக் கூட்டலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் உண்மையான கேள்வி வேறு: ஒரே விதை, ஒரே உரம், ஒரே தண்ணீர், ஏன் மேலே ஒரு மாதிரியும் கீழே இன்னொரு மாதிரியும் கெட்டது? அதற்கு விடை அட்டையில் இருக்கும் எண்களில் பெரும்பாலும் இல்லை. மண் நயத்திலும், அதாவது மணல், வண்டல், களி எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதிலும், மண் ஆழத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உரத்துக்கு வருவோம்.

முதலில் அட்டையைப் பற்றி. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் தருகிறார்கள்: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், பிறகு துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்பது இந்தப் பன்னிரண்டில் கிடையாது. சில அட்டைகளில் மண் நயம் என்று ஒரு வரி இருக்கும். அது பெரும்பாலும் கையில் பிசைந்து பார்த்து எழுதுவது, ஆய்வகத்தில் அளந்தது அல்ல. சுண்ணாம்பும் மக்னீசியமும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. இன்னொன்று, திட்டத்தின் தொடக்கச் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் கட்டம் போட்டு எடுத்தார்கள். உங்கள் அட்டை அப்படி வந்ததா, நீங்களே மண் எடுத்துக் கொடுத்து வாங்கியதா என்று பாருங்கள். நீங்களே கொடுத்திருந்தாலும், மேல்காட்டு மண்ணையும் கீழ்க்காட்டு மண்ணையும் ஒரே பையில் கலந்திருந்தால் அந்த எண்கள் இரண்டு காட்டுக்கும் பொருந்தாத ஒரு நடுவாந்திர எண்கள்தான்.

மண் நயத்தை வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக, நேராக இருக்கும் ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கல், வேர் நீக்கி, காயவைத்து, கட்டியை மரக்கட்டையால் உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்த மண்ணைப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். முக்கால்வாசிக்கு மேல் நல்ல தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைத்தூள். களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரிக்கத்தான் சலவைத்தூள். ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பத்து நிமிடம் விடாமல் குலுக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். உடனே மார்க்கரில் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், இன்னொரு கோடு. களி படிய ஒரு நாள் ஆகும், சில மண்ணில் இரண்டு நாளும் ஆகும். மொத்த உயரம் 12 செ.மீ., அதில் மணல் 8, வண்டல் 2, களி 2 என்று வந்தால் நூற்றுக்கு 67, 17, 17. அது மணல் மிகுந்த இளகின மண். உங்கள் மேல்காடு இப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். மணல் 4.2, வண்டல் 2.4, களி 5.4 என்று வந்தால் 35, 20, 45. அது முழுக் களிமண். கீழ்க்காடு இதற்குப் பக்கத்தில் வரலாம்.

இந்தப் பாட்டில் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். களி தண்ணீரில் உப்பிப் படிவதால் அதன் உயரம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு மணல்போல உடனே அடியில் இறங்கிவிடும், அப்போது களி குறைவாகத் தெரியும். அதனால் கையாலும் ஒருமுறை பாருங்கள். எலுமிச்சை அளவு மண்ணைச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. வருவதற்குள் தன் எடையில் அறுந்து விழுந்தால் களி குறைவு. 5 செ.மீ. வரை வந்தால் நடுத்தரம். அதற்கு மேலும் அறாமல் பளபளவென்று வந்தால் களிமண். பிசையும்போது காதருகே வைத்துக் கேளுங்கள்: நறநறவென்றால் மணல், மாவுபோல வழுக்கினால் வண்டல், விரலில் ஒட்டிக்கொண்டு விடாமல் இழுத்தால் களி. பாட்டிலும் கையும் ஒரே விடை சொன்னால் அதை நம்பலாம். வேறு வேறாகச் சொன்னால் ஆய்வகத்தில் காசு கட்டி அளப்பதுதான் வழி.

அடுத்தது ஆழம். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, ஒரு மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பியை ஏக்கருக்குப் பத்து இடத்தில் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமான மண்ணில் கம்பி இறங்கும். சரளையிலோ சுக்கானிலோ (சுண்ணாம்புக் கட்டி) தட்டி நிற்கும். சேலத்து மேட்டுக்காடுகளில் செம்மண்ணுக்கு அடியில் முக்கால் முழம், ஒரு முழத்திலேயே சரளையோ சுக்கான் பாறையோ தட்டுவது சாதாரணம். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில், 20 செ.மீ. வாக்கில் நின்றால் அது பாறை இல்லை, வருடக்கணக்கில் ரோட்டோவேட்டரே ஓட்டியதால் இறுகிப்போன அடுக்கு. பாறைக்கு வைத்தியம் இல்லை. இறுகிய அடுக்கை மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம், உங்கள் காட்டில் நடந்தது இதில்தான் தெரியும். மணல் மிகுந்த இளகின மண் 10 செ.மீ. ஆழத்துக்குச் செடி எடுக்கக்கூடிய தண்ணீராகச் சுமார் 12 மி.மீ. பிடித்துவைக்கும். மேல்காட்டு ஆழம் 45 செ.மீ. என்றால் மொத்தக் கையிருப்பு 54 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததுமே செடி திணற ஆரம்பித்துவிடும், ஆகவே தாராளமாகச் செலவழிக்கக் கிடைப்பது 27 மி.மீ. பூக்கும் பருவத்தில் கொண்டைக்கடலை நாளுக்கு மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் குடிக்கும். எட்டு நாளில் தீர்ந்தது. நீங்கள் விட்டதோ இருபது நாளுக்கு ஒருமுறை. ஒரே தடவையில் அதிகம் விட்டிருந்தாலும் 54 மி.மீ.க்கு மேல் போனதெல்லாம் சரளைக்குள் இறங்கிப் போயிருக்கும், போகும்போது தழைச்சத்தையும் கந்தகத்தையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். கீழ்க்காட்டுக் களிமண் 10 செ.மீ.க்குச் சுமார் 18 மி.மீ. பிடிக்கும். ஆழம் 90 செ.மீ. இருந்தால் 160 மி.மீ. கையிருப்பு, அதில் பாதி 80 மி.மீ., இருபது நாளுக்கு மேல் தாங்கும், ஏரிக் கசிவு தனி. அங்கே மூன்று தண்ணீரும் மிகை. கொண்டைக்கடலைக்கு ஒரு சுபாவம் உண்டு: மண்ணில் ஈரம் குறைய ஆரம்பித்தால்தான் இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு காய்க்குத் திரும்பும். ஈரமும் தழைச்சத்தும் தொடர்ந்து கிடைத்தால் வளர்ந்துகொண்டே போகும். கீழ்க்காட்டில் புதர் மண்டியதற்கு மூன்று தண்ணீரும், 22 கிலோ யூரியாவில் வந்த 10 கிலோ தழைச்சத்தும் சேர்ந்ததே காரணம். மண்ணின் அளவுகளை நீங்கள் சோதித்து எழுதினால் எண்கள் கொஞ்சம் மாறலாம், காரணம் மாறாது.

மேலே முளைப்பு குறைந்ததும் நயத்தால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் அட்டையில் அங்ககக் கரிமம் 0.36 சதவீதம் என்பது மிகக் குறைவு. அப்படிப்பட்ட செம்மண்ணில் விதைத்தபின் ஒரு மழை அடித்து வெயில் வந்தால் மேலே ஓடுபோலப் பொருக்கு கட்டும், முளை முட்டித் தள்ள முடியாமல் உள்ளேயே சுருண்டுவிடும். கொண்டைக்கடலையின் பருப்பு மண்ணுக்கு அடியிலேயே தங்கிவிடும், குருத்து மட்டும்தான் வெளியே வரும். ஆகவே அவரையைப்போலப் பருப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய கஷ்டம் இதற்கு இல்லை. 7, 8 செ.மீ. ஆழத்தில் ஈரத்தில் விழும்படி தாராளமாக விதைக்கலாம். மேலோட்டமாக விதைத்து, விதையைச் சுற்றி மண் பாதி ஈரத்தில் இருந்தால் ஊறிய விதை அழுகும். பொருக்கு கட்டினால் நாலாம், ஐந்தாம் நாள் வேலமுள் கிளையை லேசாக இழுத்து உடைத்துவிடுங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு, இதுதான் வழி.

கீழ்க்காட்டு மஞ்சள் திட்டுக்குக் காரணத்தை நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துச் சொல்வது சரியாக இருக்காது, நான்கு காரணங்களில் எதுவாகவும் இருக்கலாம். செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். நுனி இளந்தளிர் மட்டும் மஞ்சளாகி வெளுத்து, அடி இலை பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, அல்லது தண்ணீர் தேங்கி வேர்முடிச்சு செத்தது. அடி இலையின் ஓரம் காய்ந்து, செடி செம்பு நிறத்துக்கு மாறினால் உப்பு. தனித்தனிச் செடியாக முழுக்கத் தலை தொங்கினால் அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே கரும்பழுப்புக் கோடு ஓடினால் அது வாடல் நோய், உரத்துக்குச் சம்பந்தமே இல்லை. உங்கள் அட்டையில் கார அமில நிலை 8.3, இரும்பு 4.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) என்று இருப்பதால் இரும்புக் குறைக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். தண்ணீர் விட்ட நாலைந்து நாளில் மஞ்சள் கூடி, காய்ந்து வரும்போது தானாகக் குறைந்தது என்றால் ஊகம் உறுதிப்படும். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் மிகுந்தால் வேர் இரும்பை எடுக்கத் திணறும். அதற்கு அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போடுவது வீண், இரண்டு நாளில் துருவாகிவிடும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலைமேல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் போதும். கரைசல் தெளிந்த வெளிர்பச்சையாக இருக்க வேண்டும்; செம்பழுப்பாக மாறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

சேலத்துக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், வெளியூர்ப் பரிந்துரைகளில் இது இருக்காது. கருப்பூர், ஓமலூர்ப் பக்கம் வெள்ளைக்கல் பூமி, அதாவது மேக்னசைட். அந்தப் பாறை உளுத்து உருவான மண்ணில் சுண்ணாம்புச் சத்தைவிட மக்னீசியம் தூக்கலாக இருக்கும். மக்னீசியம் மிகுந்த களி தண்ணீர் பட்டால் குழைந்து, காய்ந்தால் கல்லாக இறுகும். தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். எலுமிச்சைச் சாறோ நீர்த்த அமிலமோ விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் சுண்ணாம்புக்கல் மட்டும்தான் குளிர்ந்த அமிலத்தில் சட்டென்று பொங்கும். மேக்னசைட் அப்படிப் பொங்காது, பொடித்துச் சூடாக்கினால்தான் நுரை விடும். ஆகவே மண்ணில் வெள்ளைப் பொடிக்கல் கண்ணுக்குத் தெரிந்தும் நுரை வரவில்லை என்றால் சுண்ணாம்பு இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், மக்னீசியத்தைச் சந்தேகப்படுங்கள். ஆய்வகத்தில் மாற்றீடு செய்யக்கூடிய கால்சியம், மக்னீசியம், சோடியம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்களை வைத்துத்தான், இறுகும் களியை இளக்கப் போடும் ஜிப்சம் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். பக்கத்துக்காட்டுக்காரர் போட்ட அளவை அப்படியே போடுவது சரியில்லை. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குச் சுண்ணாம்பும் டோலமைட்டும் போடுவதைப் பார்த்துவிட்டுக் கீழே போடுபவர்களும் உண்டு. சேர்வராயன் மலை மண் அதிக மழையில் கழுவப்பட்ட அமில மண், மேல்மட்டத்தில் பாக்சைட் வெட்டியெடுக்கும் அளவுக்குக் கழுவப்பட்டது. அங்கே சுண்ணாம்பு மருந்து. 8.3 உள்ள உங்கள் மண்ணில் அதே சுண்ணாம்பு இரும்பையும் துத்தநாகத்தையும் இன்னும் கட்டிப்போடும். டோலமைட்டில் மக்னீசியமும் சேர்ந்து வரும், கெட்டது இரட்டிப்பு.

சத்து எண்களைப் படிக்கும்முன் அலகைப் பாருங்கள். உங்கள் அட்டை ஹெக்டேருக்குக் கிலோ கணக்கு. சில அட்டைகளில் ஏக்கர் கணக்கு இருக்கும், இரண்டரை மடங்கு வித்தியாசம். தழைச்சத்து 182, அது 280-க்குக் கீழே இருப்பதால் குறைவு என்று போட்டிருக்கிறார்கள். சரிதான், ஆனால் கொண்டைக்கடலைக்கு இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வேர்முடிச்சு வேலை செய்தால் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்து 14, நம் மாநில அளவுகோலில் 11 முதல் 22 வரை நடுத்தரம். நீங்கள் போட்ட 50 கிலோ டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து போயிருக்கிறது. இறவைப் பயிருக்கே சிபாரிசு ஏக்கருக்கு 20 கிலோதான். ஆகவே மணிச்சத்தைக் கூட்ட வேண்டாம், போடுகிற இடத்தை மாற்றுங்கள். செம்மண்ணில் இரும்பும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூவினால் பெரும்பகுதி அப்படி மாட்டிக்கொள்ளும். விதைச்சாலில் விதைக்கு 4, 5 செ.மீ. கீழே அல்லது பக்கத்தில் விழும்படி போட்டால் மண்ணோடு தொடர்பு குறையும், வேருக்கும் எட்டும். கொண்டைக்கடலை வேர் தானே சில கரிம அமிலங்களைக் கசியவிட்டுக் கட்டுண்ட மணிச்சத்தைக் கொஞ்சம் கரைத்தெடுக்கும். காலையில் பனியோடு காட்டுக்குள் நடந்தால் கால் அரிக்குமே, இலையை நக்கினால் புளிக்குமே, இலையிலும் அப்படி அமிலம் கசிவதால்தான்.

சாம்பல்சத்து 310, அதிகம். சிபாரிசில் கால்பங்கு குறைத்துக்கொள்ளலாம். கந்தகம் 7 பிபிஎம், இது 10-க்குக் கீழே. உங்கள் அட்டையில் நான் உண்மையிலேயே கவலைப்படும் எண் இதுதான். பயறுக்குப் புரதம் கட்டவும், வேர்முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கும் கந்தகம் வேண்டும். டிஏபியில் அது பேருக்குக்கூட இல்லை. துத்தநாகம் 0.7 பிபிஎம் என்பதற்கு எதிரே போதுமானது என்று போட்டிருக்கிறது. 0.6-ஐ எல்லையாக வைத்தால் அப்படித்தான் வரும். தமிழ்நாட்டு மண்ணுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கைக்கொள்வது 1.2. அந்தக் கணக்கில் உங்கள் மண் குறை. அதிக மணிச்சத்து துத்தநாகத்தை இன்னும் அமுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போரான் 0.6, இப்போதைக்கு விட்டுவிடலாம். உப்பு 0.4, பிரச்சினை இல்லை. ஆனால் இது மேல்மண் 15 செ.மீ.க்கு மட்டும்தான். கீழ்க்காட்டில் அடியில் உப்பு தேங்கியிருக்கலாம், கொண்டைக்கடலை உப்புக்கு மிகவும் நோகக்கூடிய பயிர்களில் ஒன்று.

ஆகவே டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள். தண்ணீர் கொடுக்க முடிகிற மேல்காட்டுக்கு ஏக்கருக்குத் தழை 10, மணி 20, சாம்பல் 10, கந்தகம் 8 கிலோ என்பது பல்கலைக்கழகச் சிபாரிசு. சூப்பர் 125 கிலோ போட்டால் மணிச்சத்து 20 கிலோ முழுக்க வந்துவிடும், கூடவே 13 கிலோவுக்கு மேல் கந்தகமும் கால்சியமும் வரும். யூரியா 22 கிலோ, பொட்டாஷ் கால்பங்கு குறைத்து 12, 13 கிலோ. எல்லாம் அடியுரமாக, யூரியா மேலுரம் வேண்டவே வேண்டாம். யூரியா மட்டும் விதைமேல் நேரடியாகப் படக்கூடாது, முளை கருகும். கீழ்க்காட்டுக்கு மானாவாரிச் சிபாரிசு, அதாவது அதில் பாதி: சூப்பர் 62, பொட்டாஷ் 6 கிலோ. யூரியா கணக்குப்படி 11 கிலோ. மக்காச்சோளத்துக்கு நிறையப் போட்டிருந்தால் 5 கிலோவோடு நிறுத்துங்கள். ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, மணலில் கலந்து கடைசி உழவில் தனியாகத் தூவுங்கள். சூப்பரோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டு இரண்டுமே வீணாகும்.

உரத்தைவிட மலிவாகவும் முக்கியமாகவும் ஒன்று இருக்கிறது. கொண்டைக்கடலை வேரில் முடிச்சுப் போடும் நுண்ணுயிர் தனி இனம், மீசோரைசோபியம் என்பார்கள். நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு எத்தனை வருடம் போட்டிருந்தாலும் அவற்றின் ரைசோபியம் இதற்கு உதவாது. நம் மாவட்டத்தில் பல காடுகள் கொண்டைக்கடலையையே பார்த்ததில்லை. ஆகவே கடையில் "ரைசோபியம்" என்று கேட்காமல், கொண்டைக்கடலைக்கு உரியது என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். 10 கிலோ விதைக்கு 200 கிராம், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். வாடலுக்கு டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கிலோவுக்கு 4 கிராம் சேர்க்கலாம். ரசாயனப் பூசணக்கொல்லி கலந்த விதையானால் 24 மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் நுண்ணுயிர். 35-ம் நாள் வாக்கில் ஐந்தாறு செடியைப் பிடுங்காமல் மம்மட்டியால் மண்ணோடு தோண்டித் தண்ணீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, பச்சை அல்லது பழுப்பு என்றால் செத்துவிட்டது. முடிச்சே இல்லாமல் இலை வெளுத்திருந்தால் மட்டும்தான் அந்த வருடம் தழைச்சத்தை நாம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்.

தண்ணீரைக் காட்டுக்குத் தக்கபடி பிரியுங்கள். மேல்காட்டுக்கு வாய்க்காலில் பாய்ச்சாமல் தெளிப்பான் வைத்து, பூ எடுத்ததிலிருந்து காய் முற்றும்வரை எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை 25 மி.மீ. கொடுங்கள், ஏக்கருக்கு ஒரு தடவைக்கு ஒரு லட்சம் லிட்டர். கிணற்றில் அவ்வளவு இல்லை, தெளிப்பானும் இல்லை என்றால் மேல்காட்டில் கொள்ளு போடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அந்த மண் கொள்ளுக்குப் பிறந்த மண், கொண்டைக்கடலையை அதில் வற்புறுத்த வேண்டாம். கீழ்க்காட்டில் நாலடி மேட்டுப்பாத்தியும் நடுவே ஓரடி வாய்க்காலுமாகப் போட்டு, மழைத்தண்ணீர் வடிய வழி வையுங்கள். ஒரே ஒரு தண்ணீர், அதுவும் 40-ம் நாளுக்குள் நிலம் வெடிப்பு விட ஆரம்பித்தால் மட்டும். விதைப்பையும் ஐப்பசிப் பிற்பாதிக்குக் கொண்டுவாருங்கள். 90, 95 நாள் ரகமானால் மாசி வெயில் ஏறும்முன் காய் முற்றிவிடும்.

ஏரியில் வண்டல் (பாட்டிலில் பார்த்த வண்டல் அல்ல, ஏரியடியில் படிந்த களி கலந்த மண்) எடுக்க அனுமதி கிடைத்தால் மேல்காட்டுக்கு அடிப்பது பற்றியும் யோசிக்கலாம். மண் நயத்தை உண்மையாகவே மாற்றும் ஒரே வழி அதுதான், தொழு உரம்கூட நயத்தை மாற்றாது. கணக்கு இது: ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 850 டன். அதில் களி 17 சதவீதம். 45 சதவீதம் களியுள்ள வண்டலை மூன்று டன் வீதம் 40 டிராக்டர் நடை அடித்தால் களி 20, 21 சதவீதத்துக்கு ஏறும். அவ்வளவு தூரம் அடித்து மூன்று, நான்கு சதவீதம்தானா என்று தோன்றலாம். ஆழம் பெரிதாக அதிகரிக்காது என்பதால் கையிருப்புத் தண்ணீர் ஒரு நாள் நீண்டாலே பெரிது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அடிக்கும் முன் வண்டலிலும் உப்பு அளவைப் பார்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மண்ணை மறுபடி எடுங்கள், இந்த முறை இரண்டு காட்டுக்கும் தனித்தனியாக. மக்காச்சோளத் தட்டை எடுத்தபின், எருவோ உரமோ போடும் முன்பாக. வரப்போரம், எருக்குழி, மர நிழல், வாய்க்கால் ஓரம் தவிர்த்து, குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டுக்கு 12 இடம். மேலே உள்ள சருகை மட்டும் தள்ளிவிட்டு, ஆங்கில வி எழுத்துபோல 15 செ.மீ. குழி வெட்டி, அதன் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரே தடிமனில் மண்ணைச் சுரண்டுங்கள். இரும்பு, துத்தநாகம் பார்க்க வேண்டியிருப்பதால் சுரண்டுவது மூங்கில் சிம்பாலோ பிளாஸ்டிக்காலோ இருக்கட்டும். தகர வாளியில் சேர்க்காதீர்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி, மீண்டும் அப்படியே செய்து அரைக்கிலோவுக்குக் கொண்டுவந்து நிழலில் உலர்த்துங்கள். யூரியாச் சாக்கில் கட்டி எடுத்துப் போனால் தழைச்சத்து எண் பொய்யாகிவிடும், துணிப்பை வேண்டும். கீழ்க்காட்டில் 30 முதல் 60 செ.மீ. ஆழத்து மண்ணையும் ஒரு பையில் தனியாக எடுங்கள், உப்பும் சுண்ணாம்பும் பார்க்க. கிணற்றுத் தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து அன்றே கொடுத்துவிடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரே மண்ணை இறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கும்போது, பையின்மேல் மேல்காடு, கீழ்க்காடு என்று எழுதி, வழக்கமான பன்னிரண்டோடு மண் நயம், சுண்ணாம்பு நிலை, கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுங்கள். அந்த எண்கள் வந்ததும் பாட்டில் அளவையும் கம்பி இறங்கிய ஆழத்தையும் சேர்த்து இங்கே எழுதினால், ஜிப்சம் தேவையா, எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.